கண்ணீர் சாட்சி ஆகாது

சென்ற மாதம் ஒரு வியாழன் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். உணவு முடிந்து வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்து, தமக்கை மகன் காட்டிய ஒரு படப்பதிவைப் பார்த்துக் கொண்டிருந்தனர். 1948ஆம் ஆண்டில் சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பாலஸ்தீன மூதாட்டி ஒருவர், லெபனான் நாட்டின் அகதி முகாம் ஒன்றில் சிறிய அறையில் அமர்ந்து, தம் இளமைக் கால வீட்டைப் பற்றிப் பேசுகிறார். முற்றத்து அத்திமரம், ஊர்க் கிணறு, அறுவடைக் காலத்துக் கலகலப்பு, பூட்டிவிட்டு எடுத்து வந்த வீட்டுச் சாவி என ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுகிறார். பின்னணியில் உருக்கமான குழலிசை. பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொண்டனர். என் கண்களும் கலங்கின. அதை மறைப்பானேன்?

படம் முடிந்ததும் நான் கேட்டேன்: "அந்த அம்மையாரின் ஊர் எது?"

எவருக்கும் தெரியவில்லை. அவ்வூர் மக்களை வெளியேற்றியவர் யார், எந்த மாதத்தில் அது நடந்தது, அம்மையாரிடம் பேசி இப்பதிவை எடுத்தவர் யார் என்றும் கேட்டேன். கூடத்தில் மௌனமே நிலவியது. ஊரின் பெயரை அவர் அரபியில் சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் குழலிசை அதனை விழுங்கிவிட்டது. முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் அரபு கற்பித்து வரும் என் செவியிலும் அப்பெயர் விழவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தமக்கை மகன் கல்லூரியில் ஆசிரியர், நன்கு படித்தவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாமா, ஊர்ப் பெயர் தெரிந்து ஆகப்போவது என்ன? உணர்ச்சிதான் முக்கியம். எப்படியும் முதியவர்களின் நினைவு வரலாறு ஆகிவிடாது. வரலாற்றுக்கு ஆவணம் வேண்டும்."

இதற்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்று, நினைவைச் சொல்லும் படத்திற்கு உணர்ச்சியே போதும் என்பது. மற்றொன்று, நினைவு ஆதாரம் ஆகாது என்பது. முதலாவது நண்பனின் சொல்லைப்போல் ஒலிக்கிறது. இரண்டாவது பகைவனின் சொல்லைப்போல் ஒலிக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே கிளையின் காய்கள் என்பதே என் வாதம். ஒரு மூதாட்டியின் சாட்சியத்தை வெறும் ஏக்கமாகக் கேட்டு அழுது கலைபவன், "அது வெறும் ஏக்கம்" என்று தள்ளிவிடுபவனுக்கு வழி திறந்து வைக்கிறான்.

அரபு மொழியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பிரிந்ததை எண்ணி ஏங்குவது ஹனீன். கன்றைப் பிரிந்த பெண் ஒட்டகம் எழுப்பும் முனகலுக்கும் அதே சொல்தான். கண்டதைச் சொல்வது ஷஹாதத். அதன் வேர்ச்சொல்லுக்கு 'அங்கு இருத்தல்', 'நேரிற் காணுதல்' என்று பொருள். ஹனீன் இயல்பாக எழுவது. அதன்மேல் எவரும் குற்றம் சொல்ல முடியாது. ஷஹாதத்தோ ஒரு கடமை. அதனை மறைப்பது பாவம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிப்பதை நாம் அறிவோம். மூதாட்டி நம்மிடம் கொடுத்தது ஷஹாதத். நாம் வாங்கிக்கொண்டதோ ஹனீன் மட்டும்.

அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துச் சென்றுவிட்ட பாழிடத்தில் நின்று அழுவதாகவே அவர்களின் நெடும்பாடல்கள் பெரும்பாலும் தொடங்கும். இதனை 'அத்லால்' மரபு என்பர். ஆனால் கவிஞன் பாடல் முழுவதும் அங்கேயே நின்றுகொண்டிருப்பதில்லை. அழுது முடித்து, ஒட்டகத்தின்மீது ஏறிப் பயணத்தைத் தொடங்குகிறான். அழுகை பாடலின் வாயில், அவ்வளவே. நம் வீடுகளிலோ வாயிலோடு பாடல் முடிந்துவிடுகிறது.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாடலை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கின்றனர். சில வரிகளே கொண்ட அந்தப் புலம்பலில் காலக்குறிப்பு உண்டு. இழந்த பொருள் இன்னதென்று உண்டு. கைப்பற்றியவர் யார் என்பதும் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளாக அது நிற்பது துயரத்தினால் மட்டுமன்று; அப்பெண்கள் சாட்சிகளாகவும் நின்று பேசினார்கள் என்பதாலும்தான்.

இனி, ஆவணம் வேண்டும் என்னும் வாதத்திற்கு வருவோம். வேண்டியதுதான், யார் மறுத்தார்? ஆனால் அந்த ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் கேட்க வேண்டும் அன்றோ?

1968ஆம் ஆண்டில் முஸ்தஃபா அபூ அலி, ஹானி ஜவ்ஹரிய்யா, சுலாஃபா ஜாதல்லாஹ் ஆகிய மூவர் ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரில் ஒரு சிறு படக்குழுவைத் தொடங்கினர். பாலஸ்தீனத் திரைப்படத்தின் ஆரம்பங்களில் ஒன்று அது. பின்னர் அக்குழு பெய்ரூத்துக்கு இடம்பெயர்ந்தது. அகதி முகாம்களின் அன்றாட வாழ்வையும் குண்டுவீச்சுக்குப் பிந்தைய இடிபாடுகளையும் அவர்கள் படமாக்கினர். பாலஸ்தீனர் என்று ஒரு மக்கள் இருந்ததே இல்லை என்னும் பொருள்பட இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர் 1969இல் பேசியதற்கு மறுமொழியாக, 'அவர்கள் இல்லை' என்னும் பெயரிலேயே அபூ அலி 1974இல் ஒரு படம் எடுத்தார். ஜவ்ஹரிய்யா 1976இல் லெபனான் மலைப்பகுதியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். இவ்வாறு உயிரைக் கொடுத்துச் சேர்த்த படச்சுருள்களின் காப்பகம், 1982இல் இஸ்ரேலியப் படை பெய்ரூத்துக்குள் புகுந்த காலத்தில் காணாமற் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நகரிலிருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூல்களையும் ஆவணங்களையும் அப்படை வாரிச் சென்றது.

காணாமற் போன சுருள்களைத் தேடுவதே பின்னர் ஒரு தனித் திரைப்பட மரபாகிவிட்டது. அஸ்ஸா அல்ஹசன் 2004இல் அத்தேடலைப் படமாக்கினார். பெய்ரூத்திலிருந்து கவரப்பட்ட படங்களும் நிழற்படங்களும் இஸ்ரேலிய இராணுவக் காப்பகத்தில் இருப்பதை ரோனா செலா என்னும் இஸ்ரேலிய ஆய்வாளரே 2017இல் ஒரு படத்தின் வாயிலாக எடுத்துக்காட்டினார். 1948 பற்றிய இஸ்ரேலிய ஆவணங்களின் கதையும் இத்தகையதே. ஏற்கெனவே ஆய்வாளர் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டிருந்த தாள்களைக்கூடப் பாதுகாப்பு அமைச்சின் பிரிவு ஒன்று காப்பகங்களுக்குச் சென்று அப்புறப்படுத்தி மூடிவைத்தது என்ற செய்தியை, 2019 ஜூலையில் அந்நாட்டு நாளிதழான ஹாரெட்ஸ் வெளியிட்டது. காஸா நகராட்சியின் மத்திய ஆவணக் காப்பகம் அழிந்ததென்று 2023 நவம்பர் இறுதியில் அந்நகராட்சி அறிவித்ததும் நமக்குத் தெரியும்.

ஒருவனுடைய தாள்களை எடுத்துக்கொண்டு, "தாள் எங்கே?" என்று அவனையே கேட்பது எவ்வகை நீதி? தாள் போனபின் எஞ்சியிருப்பது நினைவுதான். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் 1948இல் வீடிழந்தனர். அழிந்த ஊர்களை ஆராய்ந்து தொகுத்த வலீத் காலிதி 418 ஊர்களைப் பட்டியலிட்டார். அவ்வூர்களில் பலவற்றின் தெருவும் கிணறும் வயலும் இன்று முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவ்வாண்டில் பத்து வயதாயிருந்த குழந்தை இன்று தொண்ணூறை நெருங்கும் முதியவர். லெபனானில் 2002இல் தொடங்கிய 'நக்பா காப்பகம்' என்னும் முயற்சி, அத்தகைய முதியவர் 500 பேருக்கு மேற்பட்டோரின் நேர்காணல்களைப் படமாகப் பதிவு செய்திருக்கிறது. அப்பணி நடந்திராவிட்டால் பல ஊர்களுக்கு இன்று சாட்சியே இருந்திருக்காது.

"முதியவர்களின் நினைவு தடுமாறும்" என்கிறார் தமக்கை மகன். ஆம், தடுமாறும். இதனை முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்கள் இக்காலத்துப் பல்கலைக்கழகத்தார் அல்லர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முஹத்திஸ்கள் இதனை ஆராய்ந்து விதி வகுத்தனர். முதுமையில் நினைவு குழம்புவதை அவர்கள் 'இக்திலாத்' என்றனர். அத்தகைய அறிவிப்பாளரை அவர்கள் முழுவதுமாக ஒதுக்கிவிடவில்லை. குழப்பத்துக்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்தனர். அதே செய்தியை வேறொருவர் வேறு வழியில் சொல்லியிருக்கிறாரா என்று தேடினர். எகிப்தின் காழியாயிருந்த இப்னு லஹீஆவின் ஏடுகள் எரிந்துபோயின என்றும், அதன்பின் அவர் அறிவித்தவற்றில் பிழை மிகுந்தது என்றும் சொல்லப்படுகிறது. அறிஞர் பலர் என்ன செய்தனர்? ஏடுகள் இருந்த காலத்தில் அவரிடம் கேட்டுக்கொண்ட மாணவர்களின் அறிவிப்புகளுக்குத் தனி மதிப்பளித்தனர். நினைவு பிழைபடக்கூடியது என்பதற்காக நினைவையே வீசிவிட வேண்டுமென்றால், வழக்காடுமன்றத்தில் ஒரு சாட்சியைக்கூட ஏற்ற முடியாது.

நினைவும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகை என்பதும் நம் மரபில் இல்லாத எண்ணமே. யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் வீழ்ந்தபின், அதனை ஒன்றுதிரட்டும் பொறுப்பு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களே மனனம் செய்தவர்கள். ஆயினும் தம் நெஞ்சிலிருந்ததை மட்டும் நம்பி எழுதிவிடவில்லை. எழுத்தைத் தேடினார்கள், சாட்சியையும் தேடினார்கள். நெஞ்சு ஏட்டைச் சோதித்தது. ஏடு நெஞ்சைச் சோதித்தது.

இந்த முறை இக்காலத்து ஒலிப்பதிவுக்கும் பொருந்துமா? தந்தூராவின் கதை இதற்கு விடை சொல்லும்.

ஹைஃபாவுக்குத் தெற்கே மத்தியதரைக் கடற்கரையில் இருந்த அரபுக் கிராமம் தந்தூரா. 1948 மே 22ஆம் தேதி இரவும் மறுநாளுமாக, அலெக்ஸாண்ட்ரோனி என்னும் யூதப் படையணி அதனைக் கைப்பற்றியது. அன்று சரணடைந்த ஆண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று தப்பியவர்கள் சொல்லி வந்தனர். கேட்பாரில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து தியோடர் கட்ஸ் என்னும் இஸ்ரேலியர், ஹைஃபா பல்கலைக்கழக முதுகலை ஆய்வுக்காக அவ்வூர் அரபியர்களையும், அப்படையின் பழைய வீரர்களாகிய யூதர்களையும் நேரில் கண்டு, ஏறத்தாழ 140 மணி நேரம் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1998இல் அளித்த ஆய்வேடு உயர்ந்த மதிப்பெண் பெற்றது. 2000இல் செய்தி நாளிதழுக்கு வந்ததும் பழைய வீரர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தனர். வழக்கின் நடுவில் கட்ஸ் தம் முடிவைக் கைவிடுவதாகக் கையொப்பமிட்டார். உடனே மனம் மாறி அதனைத் திரும்பப் பெற முயன்றார், நீதிமன்றம் இசையவில்லை. பல்கலைக்கழகமும் ஆய்வேட்டை மறுபரிசீலனை செய்து தள்ளிவிட்டது. வழக்கு இடையிலேயே நின்றுவிட்டதால் அந்த நாடாக்கள் மன்றத்தில் முழுமையாகச் சோதிக்கப்படவே இல்லை.

2022இல் அலோன் ஷ்வார்ஸ் என்னும் இஸ்ரேலிய இயக்குநர் 'தந்தூரா' என்ற திரைப்படத்தில் அந்த நாடாக்களைச் சுழலவிட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டிய முன்னாள் வீரர்களை மீண்டும் நேரில் கண்டார். சிலர் மறுத்தனர், சிலர் மழுப்பினர். சிலரோ அங்கே கொலை நடந்ததை ஒப்புக்கொண்டனர். எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் தனக்கே பாதகமாக ஒருவன் சொல்லும் சொல்லுக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் என்ன மதிப்பளிக்கின்றன? அதற்கு 'இக்ரார்' என்று பெயர். சொன்னவனுக்கு எதிராக அதைவிட வலிய சான்று வேறில்லை.

அன்பர்களே, இக்கதையில் நமக்குப் பிடித்த பகுதி முடிந்தது. பிடிக்காத பகுதியையும் சொல்லியாக வேண்டும். கட்ஸின் ஆய்வேடு வீழ்ந்தது எதனால்? அரசியல் நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் அவருடைய எதிரிகள் கையில் ஒரு கருவியும் இருந்தது. சில இடங்களில் நாடாவில் உள்ளது ஒன்று, ஏட்டில் எழுதியது வேறொன்று என்று அவர்கள் காட்டினர். மேற்கோள்கள் சில துல்லியமாக இல்லை. 140 மணி நேர உழைப்பின்மீது ஐயம் எழுப்பச் சில வரிகளே போதுமாயிருந்தன. முஹத்திஸ்கள் அறிவிப்பாளரிடம் நேர்மையோடு 'ளப்து' என்னும் துல்லியத்தையும் ஏன் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்டனர் என்பது இங்கே விளங்குகிறது. நல்லவர் ஒருவரின் கவனக்குறைவு, பொய்யனின் பொய்யைக் காட்டிலும் உண்மைக்கு அதிகக் கேடு செய்துவிடக்கூடும்.

இப்போது நம் கூடத்திற்கே திரும்புவோம். நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழும் படங்கள் எத்தனை! வேறொரு நாட்டுப் போரின் காட்சிக்குக் காஸா என்று பெயரிட்டு அனுப்புகிறோம். பத்தாண்டுக்கு முந்தைய படத்தை நேற்றைய படமென்று அனுப்புகிறோம். மூதாட்டியின் பேச்சை வெட்டி, ஊரின் பெயரை நீக்கி, இசையைச் சேர்த்து அனுப்புகிறோம். இசை கூடுமா கூடாதா என்னும் விவாதத்தை இங்கே நான் எழுப்பவில்லை. ஒரு சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் குரலை அமுக்குவது கூடுமா என்றே கேட்கிறேன். "பொய்யானால் என்ன, நல்ல நோக்கம்தானே?" என்பார் உண்டு. மக்கள் குர்ஆனைவிட்டு வேறு கல்வியில் மூழ்கிவிட்டனர் என்று வருந்தி, அத்தியாயங்களின் சிறப்பைப் பற்றித் தாமே ஹதீஸ்களைப் புனைந்ததாக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றி ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. நோக்கம் நல்லதாயிற்றே என்று முஹத்திஸ்கள் அவரை விட்டுவிட்டார்களா? பொய்யர் பட்டியலில் அவர் பெயரைப் பொறித்தார்கள். அதே அளவுகோலை நம் விரல் நுனிக்கும் வைத்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

ஒரு பொய்ப் படம் அம்பலமாகும்போது, அதனோடு நூறு மெய்ப் படங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. மறுப்பவனுக்கு வேண்டியது அந்த ஒரு பொய்யே. அதனை அவன் கையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நம் இரக்கம்தான்.

ஆகவே நான் வேண்டுவது மிகச் சிறிது. நினைவைச் சொல்லும் படத்தையோ ஒலிப்பதிவையோ பார்த்தபின் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். பேசுபவர் யார்? எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்? அது நடந்தது எப்போது, செய்தவர் யார்? இதைப் பதிவு செய்தவர் யார், எவர் வழியாக நம்மிடம் வந்தது? நான்காவது கேள்விதான் இஸ்னாது. விடை கிடைக்காத பதிவை மற்றவர்க்கு அனுப்பாதீர்கள். கிடைத்தால் அவ்விடையையும் சேர்த்தே அனுப்புங்கள். பிள்ளைகள் அழட்டும், அழுவது இதயம் உயிரோடிருப்பதன் அடையாளம். ஆனால் அழுதபின் அந்த ஊரின் பெயரை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

"இதனால் அந்த மூதாட்டிக்கு வீடு திரும்பக் கிடைத்துவிடுமா?" என்று கேட்பீர்கள். கிடைக்காது. தந்தூராவின் மக்கள் ஐம்பது ஆண்டுகள் பேசியபோதும் எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர்கள் ஊரின் பெயரோடும் நாளின் பெயரோடும் பேசினார்கள். அதனால்தான், கேட்க ஒருவர் ஒலிநாடாவோடு வந்தபோது அவர்களிடம் சொல்வதற்கு இருந்தது. அவர்கள் வெறுமனே ஏங்கியிருந்தால் அங்கே பதிவாகியிருப்பது அழுகை மட்டும்தான்.

அடுத்த வாரம் தமக்கை மகன் என்னைத் தேடி மத்ரஸாவுக்கு வந்தார். அந்தப் பதிவை இசை சேர்க்கப்படாத வடிவில் எங்கோ தேடிப் பிடித்திருந்தார். இருவரும் ஓரமாக அமர்ந்து கேட்டோம். மூன்றாவது நிமிடத்தில் அம்மையார் ஊரின் பெயரைச் சொன்னார். ஒருமுறை அன்று, மும்முறை சொன்னார். கேட்பவர் எழுதிக்கொள்ளட்டும் என்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தமக்கை மகன் ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.